உடம்பில் உள்ள தனிமங்கள்: எண்களை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

மனித உடலில் அதிகமுள்ள தனிமம் எது என்று கேட்டால் ஆக்சிஜன் என்று டக்கென்று பதில் வரும். எடையை வைத்துப் பார்த்தால் சரிதான், கிட்டத்தட்ட 65 சதவீதம். ஆனால் எடைக் கணக்கா, அணுக்களின் எண்ணிக்கையா என்று பார்க்காமல் மனப்பாடம் செய்வதுதான் முதல் தவறு. எண்ணிக்கையில் ஹைட்ரஜன்தான் முன்னால் நிற்கிறது, நூறு அணுக்களில் அறுபதுக்கும் மேல் அதுதான்; அணு ரொம்ப லேசு என்பதால் எடையில் 10 சதவீதம் அளவுக்குத்தான் வருகிறது. அப்புறம், அந்த 65 சதவீதம் நாம் மூச்சில் இழுத்த காற்று இல்லை, பெரும்பகுதி உடம்பிலுள்ள தண்ணீரில் இருக்கிறது.

கொஞ்சமாக இருப்பதால் முக்கியமில்லை என்று ஒதுக்குவது அடுத்த தவறு. உடல் முழுக்கச் சேர்த்தாலும் அயோடின் சில மில்லிகிராம்தான், அது குறைந்தால் தைராய்டு வேலையே தடுமாறும். அதே நேரம், உடம்பில் இருக்கிறது என்பதாலேயே தேவையானது என்றும் சொல்லிவிட முடியாது: ஈயமும்தான் இருக்கிறது, அது வெறும் நஞ்சு.

வீட்டில் நிஜமாகவே ஆபத்தில் முடிவது ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தப்பாகப் படிப்பதுதான். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கும், அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் அளவு இறங்கினால், கழுத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் விடும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும், அதனால் சீட்டில் கால்சியம் நார்மல் என்று வந்தது, எலும்பும் கெட்டியாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தனியாக இருக்கிறது.

சோடியம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 125 என்று வந்ததும், "பாட்டிக்கு சோடியம் இறங்கிடுச்சு" என்று கஞ்சியில் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். அந்த எண் காட்டுவது ரத்த நீரில் சோடியத்தின் செறிவை. உப்பு குறையாமலேயே உடம்பில் தண்ணீர் அதிகமாகத் தேங்கினாலும் அது இறங்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது, அவர்களுக்கு உப்பைக் கூட்டினால் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும்தான் கூடும். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் காரணம் வேறு, மருத்துவமும் வேறு. காரணத்தை மருத்துவர் சொன்ன பிறகு எதையும் மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் மெதுவாக ஏற்றுகிறார்களே என்று சண்டைக்கும் போகாதீர்கள், பல நாளாகக் குறைந்திருந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.