வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தை: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதில்தான் அதிக காலம் வீணாகிறது. முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்கிறது. குறைபாட்டின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு தாமதமென்றால் முதலில் காதைச் சோதியுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கும் சில ஒலிகள் கேட்காமல் இருக்கலாம்.

அடுத்தது, பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. தெரபிஸ்டிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் உங்களோடுதான். கால்சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: உட்காருவது, ஒரு காலை நுழைப்பது, மறு காலை நுழைப்பது, முழங்கால்வரை இழுப்பது, எழுந்து இடுப்புவரை ஏற்றுவது. முதல் நான்கையும் நீங்கள் செய்து, கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது கைவந்தபின் கடைசி இரண்டு படிகள். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது பிள்ளைதான். அந்தத் திருப்தியே மறுநாளும் முயலவைக்கும். இதைக் காலை அவசரத்தில் தொடங்காதீர்கள், மாலையில் உடை மாற்றும்போது செய்யுங்கள்.

ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்வதும் தவறு. ஒன்றைச் சொல்லி, மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். இடையில் வேறு வார்த்தையில் சொன்னால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் படஅட்டை கொடுத்தால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை.

திடீரென்று கத்தினால், தலையை மோதிக்கொண்டால், தூக்கம் கெட்டால், அதை அடம் என்று முடிவுகட்டாதீர்கள். பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளை வலியை அப்படித்தான் காட்டும். வலி இல்லையென்றால் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: கத்துவதற்குமுன் என்ன நடந்தது, கத்தியபின் என்ன கிடைத்தது. கத்தியதும் போன் கிடைக்கிறதென்றால் காரணம் அங்கே இருக்கிறது. கொடுப்பதை நிறுத்தினால் முதல் சில நாள் கத்தல் கூடவே செய்யும். அப்போது பாட்டியோ அப்பாவோ இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் கீலேஷன் (உடலிலுள்ள உலோகங்களை மருந்தால் வெளியேற்றுவது) சிகிச்சைக்குப் போகவே போகாதீர்கள், குழந்தை இறந்ததுண்டு. தடுப்பூசியையும் நிறுத்தாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதன்மேல் பழிபோட்ட 1998ஆம் ஆண்டு மருத்துவக் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது.

ஊட்டுவதும் கழிவறைக்கு அழைத்துப்போவதும் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே நின்றுவிடும். இன்னொருவர் இப்போதே பழகட்டும். அம்மா பக்கத்தில் நின்று பார்க்காமல் வெளியே போய்வரட்டும்.