அடுத்த அறைக் கம்ப்யூட்டருக்கு நெட் சரியாக வர, செய்யக் கூடாதவை

ஹாலில் நெட் நன்றாக வருகிறது, மாடி அறைக் கம்ப்யூட்டரில் மீட்டிங் நடுவில் அறுந்துபோகிறது. உடனே பலரும் செய்வது, 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குவது. மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலும், அடைத்த குழாயில் தண்ணீர் வராது. பழுது தெருவில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

அதற்குச் செலவே இல்லை. அந்த அறைக் கம்ப்யூட்டரில் இருந்து உங்கள் ரூட்டரின் முகவரிக்கே பிங் கொடுங்கள், அதாவது கமாண்ட் விண்டோவில் ping என்று தட்டி, பக்கத்தில் அந்த முகவரியைப் போடுங்கள்; பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் பார்க்கலாம். பதில் சில மில்லி நொடிகளில் சீராக வந்தால் வீட்டுக்குள் குறை இல்லை. நூற்றுக்கணக்கில் எகிறினாலோ, இடையிடையே பதிலே வராமல் போனாலோ, கோளாறு ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில்தான். பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் அது தீராது.

அடுத்தது ரூட்டர் இருக்கும் இடம். ஃபைபர் இழுக்க வருபவர் வாசலோரம் மாட்டிவிட்டுப் போவார், நாமும் அழகுக்காக அதை டிவி ஷோகேஸுக்குள் தள்ளிவிடுவோம். பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தால் சிக்னலுக்கு அதைவிடப் பெரிய தடை வேண்டாம். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து மாடி வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஏற்காட்டுப் பழைய எஸ்டேட் பங்களாக்களில் தடித்த கல் சுவர். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு; இந்தத் தடைகளைத் தாண்டுவதில் 5 பின்தங்கிவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதிலேயே நெரியும்.

சிக்னல் செத்த அறையிலேயே, வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை மாட்டுவது மிகப் பரவலான தவறு. வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பாதி வழியில், நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அப்போதும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரகமாக இருந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு முனையும் வேறு வேறு ஃபேஸில் விழுந்தால் பல நேரம் வேலை செய்யாது.

நகராத கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள்தான் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் போகலாம், எந்த வீட்டுக்கும் அது தாராளம். ஆனால் கேபிளிலேயே ஏமாற்று இருக்கிறது. விலை குறைவு என்று கிடைப்பவற்றில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், ஜாக்கில் பிடிமானமும் நாளடைவில் தளரும். முழுச் செம்பு கேட் சிக்ஸ் (லேன் கேபிளில் ஒரு தர வகை) என்று கேட்டு, சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள்.

உள்ளே எட்டு ஒயர்கள். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால்கூட இணைப்பு 1000இல் இருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம், அல்லது அடியோடு வராமல் போகலாம். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதும் இதே குறையில்தான் கொண்டுவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் நுழைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது ஆபத்து. தனி பைப் போடச் சொல்லுங்கள். மொட்டை மாடி வழியாகப் போனால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் வேண்டும்; வீட்டுக்குள் போடும் ரகத்தின் உறை சேலத்து வெயிலில் வெடித்துவிடும்.

ஏற்காட்டில் இன்னொன்று. பங்களாவில் இருந்து தள்ளியிருக்கும் அவுட்ஹவுஸுக்குச் செம்புக் கேபிளைத் தோட்டத்துக்கு மேலே கட்டாதீர்கள். கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தாலே, அந்த மின்வீச்சு கேபிள் வழியாக இரண்டு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் உலோகம் கலக்காத ஃபைபர் கேபிள், இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் மின்னல் அதன் வழியே வராது.

கேபிள் முனையில் பழைய ரூட்டரை மாட்டி வைஃபையும் எடுக்க நினைத்தால், அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகக் கொடுக்கும் முறைக்கு, மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகி, ஹாலில் இருக்கும் பிரிண்டரைக்கூட மாடிக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது.

கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும், கீழே ரூட்டர் அணைந்திருக்கும். ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் குறித்துக்கொண்டு போங்கள். பல ரூட்டர்கள் 12 வோல்ட். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.