ஸ்பானிஷ் பேசுபவருக்கு ஆங்கிலச் சொல்வகைகள்: தொடக்க வகுப்புகளுக்கான செய்முறை

'வொர்க்' என்ற சொல்லைத் தனியாகப் பலகையில் எழுதி, இது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 'ஐ வொர்க்' என்றால் வினை, 'மை வொர்க்' என்றால் பெயர். ஸ்பானிஷ்காரரை முதலில் குழப்புவது இதுதான். அவர் மொழியில் பெரும்பாலும் சொல்லின் வாலைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். ஆர், எர், இர் என்று முடிந்தால் வினையின் மூல வடிவம், 'மெந்தே' என்று முடிந்தால் வினையடை, 'சியோன்' என்று முடிந்தால் பெயர். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அந்த வால் கிடையாது. வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வகையைச் சொல்லும்.

மெக்சிகோ, கொலம்பியா, ஸ்பெயின் மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் தமிழருக்காக இந்தச் செய்முறை. நன்னூல் வழியில் நமக்குச் சொல் நான்கு வகை. ஆங்கிலப் பள்ளி இலக்கணம் எட்டு என்று எண்ணும். ஸ்பானிஷ் பள்ளி இலக்கணம் ஆங்கில 'தி'யைப் போன்ற 'எல், லா' முதலியவற்றைத் தனியாகப் பிரித்து ஒன்பது என்கிறது. ஆகவே வெர்போ (வினை), அத்ஹெதீவோ (பெயரடை), அத்வெர்பியோ (வினையடை) எல்லாம் மாணவருக்குத் தெரிந்த பெயர்கள்தான். வரையறை சொல்லிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

தேவையானவை: வெற்று அட்டைகள் 40, நான்கு நிற மார்க்கர்கள், ஒரு ஏ4 தாள். ஆன்லைன் வகுப்பென்றால் நான்கு நிறக் கட்டங்கள் வரைந்த ஒரு ஸ்லைடு போதும்.

படி 1: நான்கு கட்டம்

தாளைக் குறுக்கே நான்காகப் பிரித்து, யார் / வினை / எதை / எங்கே-எப்போது என்று எழுதுங்கள். வாட்டர், வொர்க், புக், ஹெல்ப், பிளான், ஃபோன் என்ற ஆறு அட்டைகளை மாணவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை இரண்டாம் கட்டத்திலும் ஒருமுறை மூன்றாம் கட்டத்திலும் அவர் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஐ வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்பதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். 'ஐ டிரிங்க் வாட்டர்' என்பதில் தண்ணீர் குடிக்கிறேன். 20 நிமிடம் இதற்கே போகட்டும்.

படி 2: பிரதிப்பெயர், பெயருக்கு முன்பே

பாடப்புத்தகங்கள் பெயர்ச்சொல்லில் தொடங்கும். ஸ்பானிஷ்காரருக்கு அந்த வரிசை சரிப்படாது, ஏனென்றால் அவர் முதலில் வழுக்குவது முதல் கட்டத்தில். ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். நம் வினைமுற்றைப் போலவே அங்கும் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான், நீ' தேவைப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தில் 'இஸ் இம்பார்ட்டன்ட்', 'இஸ் ரெயினிங்' என்று ஆங்கிலத்திலும் முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். 'எஸ்தா யோவியெந்தோ' என்று மழையைச் சொல்லும்போது ஸ்பானிஷில் எழுவாயே இல்லை. ஆங்கிலத்தில் பொருளற்ற ஒரு 'இட்' ஆவது அங்கே இருந்தாக வேண்டும். 'இட்' அட்டைக்குக் கெட்டியான நிறம் கொடுங்கள். முதல் கட்டம் காலியாக இருந்தால் வாக்கியம் எவ்வளவு சரியாக ஒலித்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த சிக்கல் 'சு'. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, தங்களுடைய எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷில் இந்த ஒரே சொல். 'மரியா தன் அண்ணனோடு வாழ்கிறாள்' என்பதை 'மரியா லிவ்ஸ் வித் ஹிஸ் பிரதர்' என்று எழுதுவார்கள். அண்ணன் ஆண் என்பதால் 'ஹிஸ்' வந்துவிடுகிறது. உடைமையின் பாலைப் பார்த்து அடைமொழியை மாற்றும் பழக்கம் அது. ஆங்கிலம் உடையவரைத்தான் பார்க்கும். தமிழும் அப்படியே என்பதால் இந்தப் பிழை ஏன் வருகிறது என்று நமக்குச் சட்டெனப் புலப்படாது. உடையவர் பெயருக்குக் கீழே கோடு போடச் சொல்லி, அதிலிருந்து 'ஹெர்' வரைக்கும் அம்புக்குறி வரையச் சொல்லுங்கள்.

படி 3: வினை

இதற்கு இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். நிகழ்காலத்தில் ஸ்பானிஷ் வினைக்கு ஆறு வடிவம், ஆங்கிலத்துக்கு இரண்டுதான்: வொர்க், வொர்க்ஸ். ஆறைச் சமாளித்து வளர்ந்தவர் இந்த ஒற்றை 'எஸ்'ஸை அநேகமாக மறந்துவிடுவார். இதற்குத் தனியாக ஓர் 'எஸ்' அட்டை செய்யுங்கள், ஒன்றே ஒன்று. 'ஷி வொர்க்ஸ்' என்பதில் அது வினையின் பின்னால் நிற்கும். கேள்வியாக்கும்போது அதே அட்டையை எடுத்து 'டு'வோடு ஒட்ட வேண்டும்: 'டஸ் ஷி வொர்க்?' கையில் இருப்பது ஓர் அட்டை என்பதால் 'டஸ் ஷி வொர்க்ஸ்?' என்று இரண்டு இடத்தில் வைக்க முடியாது. விதியாகச் சொல்வதைவிட இது நன்றாக மனதில் நிற்கிறது.

ஸ்பானிஷில் எதிர்மறைக்கு வினைக்கு முன் 'நோ' போட்டால் போதும். அதனால்தான் 'ஐ நோ ஸ்பீக் இங்கிலீஷ்' வருகிறது. 'டோன்ட்' என்பதை இரண்டாம் கட்டத்துக்குள் வினையோடு ஒட்டிய ஒரே அட்டையாகவே முதலில் கொடுங்கள். பிரித்து விளக்குவது பிறகு ஆகட்டும்.

வயதைச் சொல்ல 'தெங்கோ வெயின்தே ஆன்யோஸ்' என்பார்கள், அதாவது '20 ஆண்டுகளை வைத்திருக்கிறேன்'. பசி, தாகம், குளிர், பயம் ஆகியவற்றுக்கும் அதே வினைதான். நேராகப் பெயர்த்தால் 'ஐ ஹேவ் 20 இயர்ஸ்', 'ஐ ஹேவ் ஹங்கர்'. ஐந்து வாக்கியங்களை 'ஐ ஆம்' போட்டு மனப்பாடம் செய்ய வையுங்கள். இந்த இடத்தில் இலக்கண விளக்கம் உதவாது.

'மே குஸ்தா எல் கஃபே' நமக்குச் சட்டென விளங்கும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற அதே கட்டுமானம்: காபி எழுவாய், நான் 'எனக்கு' ஆகிவிடுகிறேன். ஆங்கிலம் இதைப் புரட்டிப் போடுகிறது. 'மீ லைக் காபி' என்று மாணவர் சொன்னால், பிடிப்பவர் முதல் கட்டத்துக்கு வர வேண்டும் என்று அட்டையை நகர்த்திக் காட்டுங்கள்.

படி 4: பெயர்

முதலில் நல்ல செய்தி. 'லா மெசா' என்ற மேசை பெண்பால், 'எல் லீப்ரோ' என்ற புத்தகம் ஆண்பால் என்ற சுமை ஆங்கிலத்தில் இல்லை. வாலில் கிடைக்கும் இலவசச் சொத்தும் உண்டு. 'சியோன்' பெரும்பாலும் 'ஷன்' ஆகும், நசியோன் நேஷன் ஆவதுபோல. 'தாத்' பெரும்பாலும் 'டி' ஆகும்: உனிவெர்சிதாத் யுனிவர்சிட்டி ஆகிறது. பத்து சொற்களை மாற்றச் சொன்னால் மாணவர் முகம் மலரும்.

ஆனால் 'லிப்ரெரியா' புத்தகக் கடை, லைப்ரரி அல்ல. 'எம்பாராசாதா' கர்ப்பிணி, எம்பராஸ்ட் அல்ல. இது தெரியாமல் வெட்கப்பட்டதைச் சொல்லப்போய் வேறு செய்தி சொல்லிவிடுபவர்கள் உண்டு.

எண்ண முடியாத பெயர்களில் கவனம் வேண்டும். அறிவுரை, மேசை நாற்காலி, தகவல் எல்லாம் ஸ்பானிஷில் பன்மை ஏற்கும். ஆகவே 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' வரும். எதிர்த்திசையில், மக்கள் என்று பொருள்படும் 'லா ஹெந்தே' அங்கே ஒருமை என்பதால் 'பீப்பிள் இஸ்' என்பார்கள்.

'தி' பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். பொதுவாகச் சொல்லும்போதும் ஸ்பானிஷில் அது வரும், 'தி லைஃப் இஸ் ஹார்ட்' என்று. தொழிலைச் சொல்லும்போது அங்கே 'ஒரு' வராது. அதனால் 'ஷி இஸ் டாக்டர்' என்பார்கள், 'எ' விட்டுப்போகும்.

படி 5: பெயரடை

இரண்டு அட்டை, ஐந்து நிமிடம். 'காசா பிளாங்கா' என்றால் வீடு வெள்ளை. ஆங்கிலத்தில் 'ஒயிட் ஹவுஸ்'. நிறம் முன்னால் போக வேண்டும். பிறகு வீட்டைப் பன்மையாக்குங்கள். ஸ்பானிஷில் நிறமும் பன்மையாகும், எனவே 'ஒயிட்ஸ் ஹவுசஸ்' என்று வரும். நிற அட்டையில் 'எஸ்' ஒட்டவே கூடாது என்று சொல்லி அடுத்ததற்குப் போங்கள்.

படி 6: வினையடை

'மெந்தே' பெரும்பாலும் 'லி' ஆகும்: ஹெனெரால்மெந்தே ஜெனரலி. 'அக்துவால்மெந்தே' மட்டும் ஏமாற்றும்; அதற்கு 'தற்போது' என்று பொருள், 'ஆக்சுவலி' என்றல்ல. பெரிய சிக்கல் இடத்தில்தான். 'ஐ லைக் வெரி மச் காபி' என்று வினைக்கும் காபிக்கும் நடுவே நுழைப்பார்கள். இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே எதையும் சொருகாதே என்று தொடக்கத்தில் கண்டிப்பாகவே சொல்லலாம். விதிவிலக்குகளை அவர் பிறகு சந்திக்கட்டும்.

படி 7: முன்னிடைச்சொல்

ஸ்பானிஷின் 'என்' ஒன்றே இன், ஆன், அட் மூன்றின் வேலையையும் பெருமளவு செய்கிறது. பெட்டிக்குள் பந்து, மேசைமேல் பந்து, கதவருகே பந்து என்று மூன்று படம் வரைந்து தொடங்குங்கள். மற்றவை வினையோடு சேர்த்துத்தான் நிற்கும்: 'டிபெண்ட் ஆன்', 'மேரீட் டு', 'திங்க் அபவுட்', 'லிசன் டு'. ஸ்பானிஷ் வழியில் இவை 'டிபெண்ட் ஆஃப்', 'மேரீட் வித்', 'திங்க் இன்' ஆகிவிடும். கடைசியான 'லிசன் டு'வில் 'டு' காணாமலே போகும். வினை அட்டையின் பின்பக்கத்தில் அதற்குரிய முன்னிடைச்சொல்லை எழுதி வைப்பது நல்லது.

இணைப்புச்சொற்களில் ஆண்ட், ஆர், பட், பிகாஸ் நான்கும் சிரமம் தராது. வியப்புச்சொல்லுக்கு வகுப்பே வேண்டாம், 'ஆய்!' என்று கத்துபவர் ஆங்கிலத்தில் 'அவுச்!' என்று கத்தினால் போதும்.

சரிபார்க்கும் முறை

எட்டு வரிகளில் தன் நாளைப் பற்றி மாணவர் எழுதட்டும். ஒவ்வொரு சொல்லையும் கட்டத்தின் நிறத்தில் அவரே அடிக்கோடிட வேண்டும். நீங்கள் முதல் சுற்றில் காலியான முதல் கட்டத்தையும் 'எஸ்' அட்டையையும் மட்டும் பாருங்கள். எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் சிவப்பாக்கினால் அடுத்த வாரம் அவர் மூன்று வரிதான் எழுதுவார். 'ஐ டோன்ட் ஹேவ் நத்திங்' போன்ற இரட்டை எதிர்மறையைக் கண்டால் இப்போதைக்குக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் 'நோ தெங்கோ நாதா' என்று இரண்டு எதிர்மறை வருவதுதான் சரியான இலக்கணம். அதைத் திருத்த, 'டோன்ட்' அட்டையைப் பிரித்து விளக்கும் வகுப்பு வரை பொறுக்கலாம்.