வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருபவரிடம் பேசுவது எப்படி?

சிங்கப்பூரில் பயிற்சி நிலையத்தில் ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. பாட விவரமும் கட்டணப் பட்டியலும் உங்கள் கையில் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: விளம்பரத்துக்காக யாரையாவது அழைப்பதென்றால், ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டை, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்றவர்களின் எண்கள் உள்ள பட்டியலை, முதலில் பாருங்கள். 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

படி 2: வந்தவர் உட்கார்ந்ததும், “வேலை எத்தனை மணிக்கு முடியும்?” என்று கேளுங்கள். ஷிப்ட், பிள்ளையின் பரீட்சை, வீட்டில் படுத்திருக்கும் அம்மா எல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணினித் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

படி 3: “யோசிச்சுச் சொல்றேன்.” எனக்குப் பிடிபட அதிக நாளானது இதுதான். காசுதான் பிரச்சினை என்று தோன்றும், உடனே கட்டணக் கழிவு பற்றிப் பேச வாய் வரும். பேசாதீர்கள். பள்ளியை விட்டு முப்பது வருடமானவருக்குப் பல நேரம் பயம் பரீட்சை மேல்தான், இல்லையென்றால் இங்கிலீஷ் மேல். முன்பின் தெரியாதவரிடம் அதைச் சொல்லக் கூச்சம். “கடைசியா எப்போ வகுப்புல உட்கார்ந்தீங்கக்கா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த அமைதியை நீங்கள் நிரப்ப வேண்டாம். அப்புறம் அவர் சொல்வதுதான் உண்மையான காரணம். டபிள்யூஎஸ்கியூ எனும் தேசியத் தொழில்திறன் தகுதிச் சான்றிதழ்ப் பாடங்கள் பலவற்றில் செய்முறையும் வாய்மொழிக் கேள்வியும் உண்டு. எழுத்துத் தேர்வு என்று நினைத்துப் பயந்தவரிடம் அதை விளக்குங்கள், வகுப்பறையையும் காட்டுங்கள்.

படி 4: பணம். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 4,000 வெள்ளி கிடைத்தது. ஆனால் தேர்ந்தெடுத்த பாடங்களுக்கு மட்டும்தான் அது செல்லும். உங்கள் பாடத்துக்குச் செல்லாதென்றால் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கான சிங்பாஸில் அவரே, அவர் கைபேசியிலேயே நுழையட்டும். எவ்வளவு அவசரமானாலும் அதை நீங்கள் வாங்கித் தட்டாதீர்கள்.

பிறகு தொடர்புகொள்ள வாட்ஸ்அப் குரல் செய்தி போதும். நீண்ட மின்னஞ்சலை ஷிப்ட் முடித்து வருபவர் படிக்க மாட்டார்.

பின்சேர்க்கை: “அப்பாவை மகள் கூட்டி வருகிறார், மகளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், என்ன செய்வது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கால அட்டவணையை மகளிடம் கொடுங்கள், நல்ல உதவி அது. கேள்வியை மட்டும் அப்பாவைப் பார்த்துக் கேளுங்கள்: “நீங்க சொல்லுங்கண்ணே, எந்த நாள் தோதுப்படும்?” அவர் வாயால் ஒரு நாளைச் சொல்லும்வரை படிவத்தை எடுக்காதீர்கள்.