அரங்கேற்றச் செய்தியில் அண்ணாவியார் பெயர் எங்கே?

மட்டக்களப்புப் பக்கம் ஓர் ஊரில் கூத்து அரங்கேறினால் மறுநாள் முகநூலில் வரும் செய்தி எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, அவர்கள் விளக்கேற்றுகிற படம், பொன்னாடை போர்த்துகிற படம். கூத்தின் பெயருக்கு ஒரு வரி. அண்ணாவியார் பெயரைத் தேடினால் கிடைக்காது.

உள்ளூர்க் கலைச் செய்தி எழுதுகிற தம்பி தங்கைகள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். ஆடுகிறவர்களைத் தெரிவுசெய்தவர், பாட்டும் ஆட்டமும் பழக்கியவர், விடியும்வரை களரியில், அதாவது கூத்து ஆடும் வட்ட அரங்கில், நின்று கூத்தை நடத்தியவர் அண்ணாவியார். அவர் பெயர் முதல் வரியில் வர வேண்டும், அதற்குப் பிறகு ஆடியவர்கள், மத்தளமும் சல்லாரித் தாளமும் போட்டவர்கள், கூத்துப் பிரதியான ஏட்டைப் பார்த்தவர், உடுப்புக் கட்டியவர். இதெல்லாம் கிடைப்பது கஷ்டமே இல்லை, ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தால் அவர்களே எழுதித் தருவார்கள். அதிதிகள் கடைசியில் இருக்கட்டும், இடம் இருந்தால்.

அப்புறம், கூத்தை ஒரு இரவு நிகழ்ச்சியாக மட்டும் எழுதுவது. அரங்கேற்றம் என்பது ஊரே சேர்ந்து மாதக்கணக்காகப் பட்ட பாட்டின் முடிவு. ஆட்களைத் தெரிவுசெய்து சட்டம் கொடுப்பார்கள், அதாவது யார் எந்தப் பாத்திரம் என்று முடிவாகி அவரவர் பாட்டு அவரவர் கைக்கு வரும். பிறகு கிழமைதோறும் பழகிப் பார்க்கிற கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், கடைசி ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பகலெல்லாம் வயலிலும் மேசன் வேலையிலும் நின்றுவிட்டு இரவில் வந்து பழகுகிறவர்கள் இவர்கள். சட்டம் கொடுக்கிற அன்று ஒரு தடவை, சதங்கை அணிகிற அன்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். முதல் முறை காலில் சதங்கை கட்டிய ஒரு பையன், ஆட எழும்புவதற்கு முன் சும்மா இரண்டு தரம் காலை உதறிச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பொன்னாடைப் படத்திலும் இல்லாத செய்தி அது.

பெயர்ப் பிழை இன்னும் மோசம். எல்லாவற்றையும் தெருக்கூத்து என்று எழுதிவிடுகிறார்கள். தெருக்கூத்து தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஆடுவது, அதற்கென்று தனி மரபு உண்டு. இங்கே ஆடுவது வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகள். வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள், போர், வேகமான ஆட்டம், அரசருக்குக் கரப்புடுப்பு, அதாவது கூடுபோல விரிந்து நிற்கிற பாரமான உடுப்பு. அந்த உடுப்பைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் ஒருவர் களரிக்கு வெளியே நின்றபடியே தேத்தண்ணி குடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தென்மோடியின் உடுப்பு பாரம் குறைந்தது, ஆட்டமும் பாட்டைப் பின்பாட்டுக்காரர் எடுக்கிற விதமும் வேறு. பார்த்து ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு வடமோடிக் கூத்தைத் தென்மோடி என்று போட்டுவிட்டேன். அடுத்த முறை கண்டபோது அந்த அண்ணாவியார் கோபப்படவில்லை. “மனே, என்ட பேரப் போடாட்டியும் பரவால்ல, இதத் தென்மோடி எண்டு போட்டுட்டீங்களே” என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்து, முல்லைத்தீவுக் கோவலன் கூத்து, மலையகத்துக் காமன்கூத்து எல்லாம் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் தன் பெயர் இருக்கிறது.

“அழிந்துவரும் கலை” என்று தொடங்குவதையும் தயவுசெய்து விடுங்கள். முப்பது பேர் ஆடுகிறார்கள், ஊர் சுற்றிவர இருந்து பார்க்கிறது, நாம் அழிந்துவருகிறது என்று எழுதுகிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்கு உயிர் கொடுத்தார் என்கிற வரியும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டே வருகிறது. அவர் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், பின்னர் வாலி வதை என்று மேடையேற்றினார். இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே ஆராய்ந்து எழுதினார். ஆனால் ஒரு இரவுக் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனதுதான் அங்கே நடந்தது, ஊர்களில் கூத்து அப்போதும் உயிரோடுதான் இருந்தது. அதனால் மண்டபத்தில் பார்த்த சுருக்கிய கூத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஊர்க் கூத்தை “நீளம் அதிகம், தொய்வாக இருந்தது” என்று எழுதுவது சரியில்லை.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டக்களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது, நாலு பக்கமும் சனம் இருக்கும். நீங்கள் எங்கே எழும்பி நின்றாலும் ஒரு வயதான அம்மாவுக்கு மறைக்கும். நிலத்தில் குந்தியிருந்து எடுங்கள். ஆடுகிறவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள், தாளக்கட்டுத் தவறினால் பழி அவர்மேல்தான் விழும்.

பத்தரை மணிக்கு எழும்பிப் போய்விட்டு முழுக் கூத்தையும் பார்த்ததுபோல எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் களரிக்கு வருகிற வரவுகள் முடிந்து கதை இறுகி வருவதே நடுச்சாமத்துக்குப் பிறகுதான். இருக்க முடியாவிட்டால், எதுவரை பார்த்தீர்களோ அதுவரை எழுதுங்கள்.

இன்னொன்று, செய்தி எப்போதும் கூத்து முடிந்த பிறகே வருகிறது. ஒரு கிழமைக்கு முன்னரே போடுங்கள். என்ன கூத்து, வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் யார், களரி எந்தக் கோயில் வெளியில், எத்தனை மணிக்குத் தொடக்கம். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு விடியும்வரை பஸ் கிடையாது, பாய் ஒன்று கொண்டுவாருங்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.