தும்பாவுக்கு போறீங்களா? நாங்க பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க

ஈரோட்டுல இருந்து குடும்பத்தோட ராக்கெட் பாக்க கெளம்பறவங்க பாதிப்பேரு பண்ற மொத தப்பு, தும்பாவையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறதுதானுங்க. சந்திரயான் கெளம்புனது ஆந்திராவுல. தும்பா இருக்கறது திருவனந்தபுரத்துல, நம்ம நாட்டு ராக்கெட் கதை 1963 நவம்பர் 21 சாயங்காலம் ஆரம்பிச்ச எடம். எம்பையன் உள்ள நொழஞ்சதுல இருந்து "சந்திரயான உட்ட எடம் எங்கப்பா"ன்னு கேட்டுட்டே வந்தான், முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போயிருந்தா பாவம் அந்த ஏமாத்தம் இருந்திருக்காது.

அப்ப பெரிய ராக்கெட்டை ஏன் தும்பாவுல இருந்து உடறதில்லைன்னு கேப்பாங்க, பதிலை வெச்சுக்கங்க. பூமி மேக்கால இருந்து கெழக்கால சுத்துது, நோம்பி ராட்டினத்துல ஒக்காந்துட்டு அது சுத்தற பக்கமாவே கல்லை வீசுனா வேகம் கூடும் பாருங்க, அந்த மாதிரி கெழக்கால உட்டா சேட்டிலைட்டுக்கு பூமியோட வேகமும் சும்மா கெடைக்கும். ஆனா தும்பா மேக்கு கடற்கரை. அங்கிருந்து கெழக்கால உட்டா கழண்டு உழுகற பாகமெல்லாம் திருநெல்வேலிக்காரங்க வூட்டு மேலதான் உழுகும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு கெழக்கால வெறும் கடலு.

பொறவு எதுக்கு தும்பாவ புடிச்சாங்கன்னா, பூமியோட காந்த நடுக்கோடு, அதாவது காந்த முள்ளு மேலயும் கீழயும் சாயாம மட்டமா நிக்கற கோடு, அதுக்கு கிட்டத்துல போகுது. அதுக்கு மேல சுமாரா 100 கிலோமீட்டர் ஒசரத்துல பகல்ல ஒரு மின்னோட்டம் ஓடும், அதை ஆராயத்தான் தும்பா. பலூன் அவ்வளவு ஒசரம் ஏறாது, சேட்டிலைட் அவ்வளவு தாழ சுத்த முடியாது, நடுவுல போயி தொட்டுட்டு வர்றதுக்கு சின்ன ராக்கெட்டுதான் ஆகும்.

ரயில் விஷயம். தும்பாவுக்கு திருவனந்தபுரம் சென்ட்ரலை விட கொச்சுவேலி ஸ்டேஷன் கிட்ட, ஆனா அதுக்கு 2024ல திருவனந்தபுரம் நார்த்னு பேரை மாத்திட்டாங்க. நாங்க பழைய பேரையே தேடி தேடி பாத்துட்டு கடைசில சென்ட்ரலுக்கே டிக்கெட் போட்டு ஆட்டோவுக்கு தண்டம் அழுதோம்.

ஆதார் கையில இருக்கட்டும். எங்க மாமனாரு அதை மஞ்சப்பையில போட்டு பையை லாட்ஜுலயே உட்டுட்டு வந்துட்டாரு. "ஏனுங் மாப்ள, அது இல்லாம உடமாட்டாங்களா"ன்னு கேட் முன்னாடி நின்னு கேக்கறாரு! திரும்ப ஓடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அரை நாள் போச்சு. தும்பாவுல இருக்கற விண்வெளி மியூசியத்தோட லீவு நாளையும் கெளம்பறதுக்கு முன்னாடியே விஎஸ்எஸ்சி (இஸ்ரோவோட விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்) வெப்சைட்டுல பாத்துக்கங்க.

மியூசியம்னதும் கண்ணாடி பொட்டிய மட்டும் பாத்துட்டு மளார்னு வெளிய வந்துராதீங்க. அந்த கட்டடமே ஒரு சர்ச்சு, புனித மரிய மகதலேனா சர்ச்சு. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஊர் ஜனங்க கிட்ட கேட்டு சம்மதிக்க வெச்சு உட்டுக்கொடுத்த எடம். அங்கதான் அப்துல் கலாம் மாதிரி ஆளுக எளவட்டத்துல ஒக்காந்து வேலை பாத்தாங்க. மாமனாரு வாசல்லயே செருப்பை கழட்டி உட்டுட்டாரு. பேரன் "அப்புச்சி, இது இப்ப மியூசியம்"னு சிரிக்கறான், அவரு காதுலயே போட்டுக்கல, வெறுங்காலோட தான் பூரா சுத்துனாரு.

இன்னொண்ணு, மாட்டு வண்டி போட்டோ. தும்பாவுல ராக்கெட்டை மாட்டு வண்டில கொண்டு போனாங்கன்னு வாட்ஸ்அப்புல வருமே, நானும் புள்ளைகளுக்கு பெருசா கதை உட்டேன், தப்புங்க. வண்டில இருக்கறது 1981ல போன, இஸ்ரோவோட ஆப்பிள்ங்கற சேட்டிலைட்டு. இரும்பு வண்டியா இருந்தா ஆன்டெனா டெஸ்டுக்கு தொந்தரவுன்னு மர வண்டில வெச்சாங்க. தும்பாவோடது சைக்கிள் போட்டோ, ராக்கெட்டோட கூம்பு மூக்கை கேரியர்ல வெச்சு தள்ளிட்டு போவாங்க.

கடல்ல எறங்கறதெல்லாம் வேண்டாம், ஜூன் பொறந்துட்டா அலை ஆளையே இழுத்துரும். நேரம் மிச்சமிருந்தா டவுனுக்குள்ள பிரியதர்ஷினி கோளரங்கம் இருக்கு, புள்ளைக அங்க நல்லா ஒக்காந்திருப்பாங்க.

இப்பவும் தும்பாவுல இருந்து ஆர்எச்-200னு சின்ன ராக்கெட் உடறாங்க. 200ங்கறது எடை இல்லைங்க, குறுக்களவு, 200 மில்லிமீட்டர். எல்லா நாளும் கெடையாது, தேதிய விசாரிச்சுட்டு போகணும். ஈரோட்டுல இருந்து சேலம் எவ்வளவு தூரமோ ஏகதேசமா அவ்வளவு ஒசரம் நட்டுக்கா ஏறிரும். டீ குடிச்சுட்டு வரேன்னு நவுந்துராதீங்க, கண்ணு மூடி தொறக்கறதுக்குள்ள வெறும் பொகைதான் நிக்கும்.