பழுத்த பருவுக்குப் பூசும் மருந்தில் செய்யக் கூடாத தப்புகள்

சிவந்து வீங்கி, தொட்டாலே வலிக்கும் பரு வந்தால் பலர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "முகத்துக்கு ஏதாவது கிரீம் குடுங்க" என்று கேட்கிறார்கள். இதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. கைக்கு வந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கும், முகமும் சற்று வெளுக்கும், நம்பிக்கை வந்துவிடும். தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிந்து ரத்த நாளம் வெளியே தெரியும். நிறுத்தினால் முகமெல்லாம் எரிந்து, ஒரே மாதிரியான சின்னப் பருக்கள் கிளம்பும். அதற்குப் பயந்து திரும்ப அதையே வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் சட்டென்று விடாமல், தோல் மருத்துவர் சொல்கிறபடி குறைப்பது நல்லது.

அடாபலின் 0.1% ஜெல் நல்ல மருந்து. ஆனால் அதைப் பரு மேல் மட்டும் பொட்டு போல வைத்தால் பலன் குறைவு. அடைபடும் துளைகளைத் திறப்பதுதான் அதன் வேலை. அதனால் இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். கண்ணோரம், உதட்டோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தொடக்கத்தில் பரு கூடுவது போல இருக்கும், தோல் உரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பலர் மூன்றாம் வாரமே கைவிட்டுவிடுவது வேதனை. கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி பழகிப்போய் மருந்து கேட்காது. கூடவே கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5% வேண்டும், 10% எரிச்சலைத்தான் கூட்டும். அது பட்டால் தலையணை உறை வெளுக்கும், வெள்ளை உறை போடுங்கள்.

எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், பேக்கிங் சோடா எல்லாம் தோலைப் புண்ணாக்கும். நம் மாநிறத் தோலில் அந்தப் புண் கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். நகத்தால் கிள்ளினாலும் அதே கதிதான்.

சென்னை வெயிலில், ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, நெற்றியில் ஒரே அளவில் அரிப்போடு வரும் பொரிகள் பருவாக இல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் அதைக் கூட்டிவிடும்.

ஆழத்தில் கட்டியாக நிற்கும் பருவுக்கு கிரீம் எட்டாது. மருத்துவர் நீர்த்த ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கட்டிக்குள் போட்டால் சில நாளில் அமுங்கும். அளவு கூடினால் குழி விழும் என்பதால் பழகிய கை தேவை. கட்டிகள் தொடர்ந்து வந்தால் ஐசோட்ரெடினாயின் மாத்திரை. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் பெண்கள் சாப்பிடும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. கல்லீரல், கொழுப்பு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தோழியின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்: சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகள் மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.